ராகு காலத்துக்கு முன்னால் ஒரு ஸ்டார்ட்

29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

இன்று காலை பத்தேகால் மணிக்கு தேனியில் என் பிரேக் கடையில், ஜாக்கியில் நின்ற ஒரு காரின் பின்சக்கர பிரேக் உடைந்தது. கார் போடி ஏலக்காய் வியாபாரி செல்லப்பாண்டியுடையது. உடைத்தது அவர் டிரைவர் முத்துவீரன். தெரியாமல்தான் உடைத்தான். அவனை ஏறி உட்காரச் சொன்னது அவர் மனைவி கஸ்தூரியம்மாள். சாவியை எடுத்துக் கொடுத்தது நான். பழியைச் சுமந்தது என் மெக்கானிக் மரிய ஜோசப்.

வெளியே இதை இந்த வரிசையில் சொல்லவில்லை. இங்கேயாவது இருக்கட்டும்.

அந்தக் காரில் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் கிடையாது. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். விரலால் தூக்கினால் பின்சக்கரத்தில் இருக்கிற மோட்டார் சுற்றி பிரேக்கை இறுக்கும். கடையில் நாங்கள் சுவிட்ச் பிரேக் என்போம். இதில் சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடு மாற்ற, முதலில் வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற ஸ்கேனரை மாட்டி மோட்டாரைப் பின்னால் போகச் சொல்ல வேண்டும். அப்புறம் வேலை முடிகிறவரை யாரும் வண்டியை ஆன் பண்ணக்கூடாது. அதற்காகவே ஜோசப் சாவியை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தான்.

"யாரு கேட்டாலும் குடுக்காதீகக்கா. மாதாவே வந்து கேட்டாலும்."

"நாங்கதான் மாதாவக் கும்புடுறதில்லையேலே."

"அப்ப உங்களுக்கு ஈசி. இல்லைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவீக."

அவன் அனுமந்தன்பட்டி ஆர்.சி. கிறிஸ்தவன், நான் சி.எஸ்.ஐ. பதினோரு வருடமாக இதே கேலிதான்.

செல்லப்பாண்டி வீட்டில் இன்று கூடலூரில் மகனுக்கு நிச்சயம். பன்னிரண்டேகாலுக்கு மேல் நேரம். நேற்று சாயங்காலம் டேஷ்போர்டில் பிரேக் லைட் எரிந்ததால், தேனியில் பூவும் பழமும் வாங்குகிற நேரத்தில் பேடு மாற்றிவிடலாம் என்று விட்டார்கள். அவர் கடைவீதிக்குப் போய்விட்டார். அந்தம்மா என் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

"ஏம்மா ஷீலா, முடிக்கப் பதினொன்னு ஆகும்ங்குறான். ராகு காலத்துல எப்படிக் கெளம்புறது? சாவியக் குடு. இப்பவே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அணைச்சுக்கிறோம். கெளம்புனதாக் கணக்கு ஆயிரும்."

ஜோசப் புது பேடு எடுக்க உள்ளே குடோனில் இருந்தான். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கேட்டது யார்? ஒன்பது வண்டிக்கு என் கடையில் வேலை பார்க்கிற வீடு. ஒரு ஸ்டார்ட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கொடுத்தேன்.

முத்துவீரன் ஏறினான். பிரேக்கை மிதித்து பட்டனை அமுக்கினான். அணைத்துவிட்டு, பழக்கத்தில் சுவிட்சைத் தூக்கினான். பின்னால், பேடை அழுத்துகிற கேலிப்பர் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பேடும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் மோட்டார் பிடிக்கப் பார்த்தது. கரகரவென்று ஒரு சத்தம். பிஸ்டன் கழன்று கீழே விழுந்தது. பிரேக் ஆயில் தரையெல்லாம்.

ஜோசப் ஓடி வந்தான். "எவன்லே ஆன் பண்ணுனது?"

 அதற்குள் செல்லப்பாண்டி பூக்கூடையோடு வந்துவிட்டார். "என்னடா, வேல தெரியாமக் கைய வச்சுட்டியா? நல்ல காரியத்துக்குப் போற வண்டிடா இது!"

கஸ்தூரியம்மாள் தரையைப் பார்த்தார். முத்துவீரன் டயரைப் பார்த்தான். ஜோசப் என்னைப் பார்த்தான்.

நான், "கை தவறிருச்சுண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

யார் கை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கிரீஸ் பட்ட கை ஒன்றுதான் இருந்தது.

வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். ராகு காலத்தில்தான் போனார்கள்.


30 ஆகஸ்ட், சனி

மதுரைக்குச் சொல்லியாயிற்று. கேலிப்பர், மோட்டாரோடு முழு செட்டாகத்தான் தருவானாம்.

காலையில் ஜோசப்பை உள்ளே கூப்பிட்டேன். டீ வரவழைத்தேன். குடிக்கவில்லை.

"சாவி உங்ககிட்டதானக்கா இருந்துச்சு?"

"ஆமா."

"அவன் ஏறுனத நீங்க பாத்தீகள்ல?"

"பாத்தேன்லே. அதுக்கு இப்ப என்னங்குற? அந்தம்மா மேல சொல்லச் சொல்றியா? நிச்சயத்துக்குப் போறவுகளப் பாத்து, நீங்கதான் ஒடச்சீகன்னு சொல்ல முடியுமா?"

"அவுக மேல சொல்ல வேணாம். என் மேல இல்லைன்னு சொல்லிருக்கலாம்ல."

"இங்க பாரு. கேலிப்பர் காசு பூராவும் நான் போடுறேன். உன் சம்பளத்துல ஒத்தப் பைசா பிடிக்கல. பேரு மட்டும் கொஞ்ச நாளைக்கு நீ வாங்கிக்க. ஆறிப்போயிரும்."

எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும், எழுதும்போதுகூட, கணக்கு சரியாகத்தான் வருகிறது. நஷ்டம் எனக்கு. அவனுக்கு என்ன போயிற்று?

அவன் சொன்னான்: "காசுன்னா நானே கட்டிருப்பேன்க்கா. பேருக்கு நான் எங்கன போவேன்?"

டீ ஆடை கட்டிக் கிடந்தது. நானே எடுத்துக் கொட்டினேன்.


31 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்து கோயிலில் இருந்து வரும்போது இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்டீவன் எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். அதுவே எனக்கு எரிச்சல்.

"பாத்தத சொல்லிருக்கலாமே ஷீலா."

"மாசம் பொறந்தா கவர்மென்ட்டு சம்பளம் போடுது. வாத்தியார் என்ன வேணும்னாலும் சொல்லலாம்."

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் நான் இரண்டு அடி முன்னாலேயே நடந்தேன்.

இந்தக் கடையை எனக்கு யாரும் கட்டித் தரவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தகரப் பெட்டியில் ஜீப்புக்கு பிரேக் லைனிங் விற்று ஆரம்பித்தது. பொம்பளைக்கு பிரேக்கைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தவர்கள் அப்புறம் மலையில் இருந்து இறங்கி வந்து என்னிடம்தான் லைனிங் வாங்கினார்கள். அப்படி ஒன்றொன்றாகப் பிடித்த வாடிக்கை. அதை ஒரு வார்த்தையில் விடச் சொல்கிறார்கள்.


1 செப்டம்பர், திங்கள்

செல்லப்பாண்டி போன். நிச்சயம் நல்லபடியாக முடிந்ததாம். அந்தச் சந்தோஷத்தோடேயே சொல்கிறார்: "தங்கச்சி, அந்த ஆளு இனிமே என் வண்டியத் தொடக்கூடாது. தொட்டா வண்டி வேற கடைக்குப் போகும். அம்புட்டுத்தான்."

"சரிங்கண்ணே" என்றேன்.

யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்பது வண்டி ஒரு பக்கம், ஒரு ஆள் ஒரு பக்கம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?


2 செப்டம்பர், செவ்வாய்

கேலிப்பர் வந்தது. பெட்டியைப் பிரித்தது ஜோசப்தான். வேறு யாருக்கும் மாட்டத் தெரியாது. அந்த வண்டியைத் தொடாதே என்று வாங்கிய உத்தரவையும் வைத்துக்கொண்டு, அவனையேதான் தொடச் சொன்னேன். "ஆளு இல்லாத நேரமாப் பாத்து முடிச்சிரு" என்றேன். அதையும் சொன்னேன்.

மாட்டினான். ஆயில் ஊற்றிக் குழாயில் இருந்த காற்றை வெளியே எடுத்தான். ஸ்கேனரில் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டி அளவு பார்த்தான். சுவிட்சைத் தூக்கிப் போட்டு, நாலு பேரை விட்டு வண்டியைத் தள்ளச் சொன்னான். அசையவில்லை.

பிறகு அவனிடம், "கொஞ்ச நாள் பழைய டிரம் பிரேக்குப் பக்கம் நில்லு. ஜீப்பு, லாரி மட்டும் பாரு" என்றேன்.

ஸ்கேனரைத் துடைத்தான். வயரைச் சுருட்டி மேஜைமேல் வைத்தான்.

"நாளையில இருந்து வரலக்கா."

"எங்க போகப்போற?"

"எங்கயாச்சும். பிரேக்கு எல்லா ஊர் வண்டியிலயும் இருக்குல்ல."

திமிர். போகட்டும்.


5 செப்டம்பர், வெள்ளி

ஓணம். கேரளா நம்பர் வண்டிகள் வரிசையாக இறங்குகின்றன. இன்று மட்டும் மூன்று சுவிட்ச் பிரேக். மூன்றையும் மதுரையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன்.

இன்னொரு மெக்கானிக் தங்கபாண்டி இருக்கிறான். டிரம் பிரேக்கில் அவனை அடிக்க ஆள் இல்லை. ஸ்கேனரைக் கையில் கொடுத்தால் செத்த எலியைப் பிடிப்பதுபோல் வாலைப் பிடித்துத் தூக்குகிறான்.

"படிச்சவுக தொடுற சாமான்க்கா இது."

"ஜோசப்பு என்ன படிச்சவனாலே?"

"அவன் வீட்டுக்குப் போயும் செல்லுல வீடியோ பாத்துக்கிட்டு இருப்பான். எனக்கு வீட்டுக்குப் போனா வேற வேல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.


19 செப்டம்பர், வெள்ளி

உடைந்தது. மறுபடியும்.

மேகமலை எஸ்டேட் மேனேஜர் கார். அந்த ரோட்டில் ஏறி இறங்கினால் பேடு எத்தனை நாளைக்குத் தாங்கும்? தங்கபாண்டி ஸ்கேனரை மாட்டினான், அது என்னவோ கேட்டது, இவன் என்னவோ அமுக்கினான், அது ஒத்துக்கொள்ளவில்லை. பொறுமை போய், பழைய வழக்கப்படி கிளாம்ப்பைப் போட்டு பிஸ்டனை உள்ளே திருகி அழுத்தினான். உள்ளே மோட்டாரின் பல்சக்கரம் நொறுங்கியது. எனக்கே கேட்டது, மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கே.

இந்தத் தடவை ராகு காலமும் இல்லை, பெரிய வீட்டு அம்மாவும் இல்லை.

மேனேஜர் கேட்டார்: "போன தடவ பாத்த ஆளு எங்கம்மா?"

"லீவு சார்."

"நாங்க இன்னமும் மேல நிப்பாட்டுனா சுவிட்சையும் தூக்கி, டயருக்குக் கல்லும் வச்சுத்தான் எறங்குறோம். இனி கல்ல மட்டும் நம்ப வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தங்கபாண்டி வந்து நின்றான். திட்டுவேன் என்று எதிர்பார்த்தான். எந்த வாயால் திட்டுவது?


1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. வழக்கம்போல பையன்கள் கடையில் கும்பிட்டார்கள், நான் பொரியும் சம்பளமும் கொடுத்தேன். ஸ்கேனருக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். ஒருத்தன் சொல்கிறான், "வேல செய்யாததுக்கு எதுக்குடா பொட்டு?"

அப்போதுதான் தங்கபாண்டி தயங்கித் தயங்கிச் சொன்னான். ஜோசப் சின்னமனூர் தாண்டி மெயின் ரோட்டில் ஷெட் போட்டிருக்கிறானாம். மாமனார் இடம். டிரம் எடுப்பதில்லை. சுவிட்ச் பிரேக் மட்டும்.

ஒரே வேலையை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் கடை ஓடும்? பார்ப்போம்.


9 அக்டோபர், வியாழன்

செல்லப்பாண்டி வண்டி எதுவும் இந்த மாதம் வரவில்லை. ஜீப்கூட வரவில்லை. மழையாக இருக்கும்.


16 அக்டோபர், வியாழன்

மழை இல்லை.

தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி எடுத்துக்கொண்டு போடிக்குப் போனேன். வருடா வருடம் போவதுதான். கடை முழுக்க ஏலக்காய் வாசம். செல்லப்பாண்டி உட்காரச் சொன்னார். மரியாதையில் குறை இல்லை. பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார்.

"வண்டியெல்லாம் ஒன்னும் காணோமேண்ணே" என்றேன், சும்மா கேட்பதுபோல.

"சின்னமனூர்ல விடுறோம் தங்கச்சி."

"சின்னமனூர்ல எங்க?"

"உங்ககிட்ட இருந்த ஜோசப்புகிட்டதான். ஜீப்ப மட்டும் இங்க போடியிலயே பாத்துக்கிறோம்."

 "அண்ணே, நீங்கதான அவன் தொடக்கூடாதுன்னு..."

"சொன்னேன். எனக்குத் தெரியாது, சொன்னேன். நிச்சயம் முடிஞ்சு பத்து நாளு கழிச்சு எங்க வீட்டுல சொன்னாக. நாந்தேன் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்னு. கெளம்பும்போதே நம்மளே ஒடச்சோம்னு சொன்னா அபசகுனம்னு பேசுவாக, சம்பந்தம் கெட்டுப்போகும்னு பயந்துக்கிட்டு வாயத் தொறக்கலையாம். அது பொம்பளப் பயம். எங்க வீட்டு விசயம். நானே அவளக் கூட்டிக்கிட்டு அனுமந்தன்பட்டிக்குப் போயி அவன்கிட்ட வருத்தப்பட்டுக்கிட்டு வந்தேன். அவன் கடை தொறந்தப்ப இவதான் போயி வெளக்கு ஏத்துனா."

நான் ஓரத்தில் இருந்த ஸ்வீட் பெட்டியைப் பார்த்தேன்.

"நீங்க எதுக்குச் சொல்லல தங்கச்சி?"

"உங்களுக்காகத்தாண்ணே. அவுகள விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு."

"அப்ப நாளைக்குப் பழைய பேடையே மாட்டிட்டு, புதுசு போட்டாச்சுண்ணேன்னும் சொல்லுவீக. அதுவும் எனக்காகத்தான் இருக்கும்."

கத்தவில்லை. ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார், அடுத்த ஆளுக்கு விலை சொல்கிற மாதிரி. கஸ்தூரியம்மாள் உள்ளே இருந்து காபி கொடுத்தனுப்பினார். வெளியே வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். முதலில் மறைத்தது அந்தம்மா. அந்தம்மாவுக்கு மன்னிப்பு உண்டு, விளக்கு ஏற்றுகிற மரியாதை உண்டு. அவர்களுக்காக வாயை மூடிக்கொண்டு, கேலிப்பருக்கும் காசு கட்டினவள் நான். நான்தான் ஆகாதவள். இது எந்த ஊர் நியாயம்?

அந்தம்மா சொல்லிவிட்டார், அதுதான் வித்தியாசம். பத்து நாள் கழித்தாவது. எனக்கு ஒன்றரை மாதம் இருந்தது.


17 அக்டோபர், வெள்ளி

ஒன்பது வண்டி, ஒரு ஆள். கையில் இப்போது இரண்டுமே இல்லை.


20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. கடை லீவு. தெருவெல்லாம் வெடி.

போன வருடம் ஜோசப் வீட்டில் இருந்து அதிரசம் வந்தது. எங்களுக்கும் தீபாவளி இல்லை, அவர்களுக்கும் இல்லை. பக்கத்து வீடுகளில் இருந்து வருவதைப் பங்கு போட்டுக் கொடுத்தனுப்புவான். "ஓசியில வந்தது, ஓசியில போகுதுக்கா" என்பான். ஸ்டீவன் நினைவுபடுத்தினார். ஏன்தான் நினைவுபடுத்துகிறாரோ.


3 நவம்பர், திங்கள்

மதுரையில் இருந்து ஒரு ஆளை வரவழைத்தேன். ஸ்கேனர் தெரிந்தவன். காலையில் வந்தான், மத்தியானம் சம்பளம் கேட்டான், சாயங்காலம் பஸ் ஏறிவிட்டான். தேனியில் பொழுது போகாதாம்.


12 நவம்பர், புதன்

வருகிற திங்கட்கிழமை கார்த்திகை ஒன்று. இனி மகரஜோதி வரைக்கும் இந்த ரோடு முழுக்க ஐயப்ப சாமி வண்டிதான். கம்பம் வழியாகக் குமுளி ஏறி, இறங்கும்போது பிரேக் கருகிய வாசனையோடு வருவார்கள். அரை வருடச் சாப்பாடு எனக்கு இந்த அறுபது நாளில்தான். முந்தியெல்லாம் வேன், ஜீப். இப்போது வருகிற கார்களில் பாதி சுவிட்ச் பிரேக். திருப்பி அனுப்பினால் அடுத்த வருடம் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

தங்கபாண்டியே சொல்லிவிட்டான்: "அவனக் கூப்புடுங்கக்கா. நீங்க கூப்புட்டா வருவான்."

"வருவான்னு நெனைக்கிறியா?"

"வர மாட்டான். ஆனா நீங்க கூப்புடணும்ல."


15 நவம்பர், சனி

சின்னமனூருக்குப் போனேன்.

ஷெட் பெரிது ஒன்றும் இல்லை. மூன்று வண்டி நிற்கிற இடம். மூன்றிலும் வண்டி நின்றது. நடுவில் செல்லப்பாண்டி கார். முத்துவீரன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான்.

ஜோசப் வண்டிக்கு அடியில் இருந்தான். "வாங்கக்கா" என்றான். வெளியே வரவில்லை. நான் அவன் செருப்போடுதான் பேசினேன்.

"நல்லாருக்கியாலே?"

"இருக்கேன்க்கா. சார் நல்லாருக்காகளா?"

"இருக்காக. ஜோசப்பு, தேனிக்கு வந்துரு. சம்பளம் பேசல. கூட்டு. பாதிக்குப் பாதி."

அடியில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "கூட்டா? நீங்களும் நானுமா?"

பிறகு வெளியே வந்தான். துணியில் கையைத் துடைத்தான். இளைத்திருக்கிறான். முகம் தெளிவாக இருக்கிறது.

சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். சொன்னேன். "அன்னைக்கு நான் சொல்லிருக்கணும்லே. சாவிய நாந்தேன் குடுத்தேன்னு சொல்லிருக்கணும்."

"விடுங்கக்கா."

"இனிமே எது நடந்தாலும், பாத்தத பாத்தபடி சொல்லுவேன்."

"அதுக்கு ஆள் போட்டுட்டேன்க்கா" என்று ஸ்பேனரால் மேலே காட்டினான். கேமரா. வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று. கோபமாகச் சொல்லவில்லை. கடையைச் சுற்றிக் காட்டுகிறவன் சொல்வதுபோல் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

என் கடையிலும் கேமரா இருக்கிறது. கல்லாவைப் பார்த்தபடி.

 மாலை போட்ட சாமிகள் ஒரு வேனில் சரணம் போட்டுக்கொண்டு போனார்கள். சீசன் அவனுக்கும் தெரியும். அவனுக்கு பேடு ஸ்டாக் இல்லை, கடனுக்குத் தர ஆள் இல்லை. என் குடோனில் மதுரையில்கூடக் கிடைக்காத சைஸ் எல்லாம் கிடக்கிறது. அழுதுகொண்டிருந்தால் ஆகாது, வியாபாரம் பேசிவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். சரக்குக்கு லாபம் நூற்றுக்குப் பத்து என்றேன், ஆறு என்றான். என்னிடம் பதினோரு வருடம் நின்றவன், பேரம் பேசத் தெரியாமல் இருப்பானா?

பேசி முடித்தது இதுதான். சுவிட்ச் பிரேக் வண்டி எது வந்தாலும் நான் அவனிடம் அனுப்ப வேண்டும். அனுப்பினதற்கு எனக்குக் கமிஷன் கிடையாது, கூலி முழுக்க அவனுக்கு. பேடு, டிஸ்க், ஆயில் எல்லாம் என்னிடம்தான் எடுப்பான், அடக்க விலைக்கு மேல் நூற்றுக்கு எட்டு. சரக்கை நான் கொண்டுபோய் இறக்க வேண்டும். அன்றன்று சாயங்காலம் கணக்குத் தீர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கடன் இல்லை. மகரஜோதி வரைக்கும் மட்டும்.